விலாசம்: பர்மாவில் நகரத்தார் வணிகமும் அடையாளமும்

நாட்டுக்கோட்டைச் செட்டியார்கள் என்று அழைக்கப்படும் நகரத்தாரின் பெயர்களுக்கு முன்னால் நிற்கும் எழுத்துகளை வெளியூர்க்காரர்கள் பெரும்பாலும் கவனிப்பதில்லை. நம்மில் பலருக்கு ஓர் எழுத்து போதும். நகரத்தாருக்கு அது மூன்று, நான்கு என்று நீளும். ஒற்றை எழுத்தாகவும் இராது. 'பழ' என்றால் பழனியப்பன், 'சித' என்றால் சிதம்பரம், 'அழ' என்றால் அழகப்பன் என்று தகப்பனும் பாட்டனும் பூட்டனும் அதில் வரிசையாக நிற்பார்கள். இந்த எழுத்து வரிசைக்கு விலாசம் என்று பெயர். ரங்கூனிலோ பினாங்கிலோ கடை வைத்தால் கடைக்கும் அதுவே பெயர். உண்டியல் என்ற பணச்சீட்டில் தெரிந்த விலாசம் இருந்தால், கொண்டு வந்தவர் முகத்தை முன்பின் பார்த்திராத இன்னொரு நகரத்தார் கடையிலும் பணம் எண்ணிக் கொடுப்பார்கள்.

தபால்காரர் தேடும் முகவரிக்கும் தமிழில் விலாசம் என்றுதான் பெயர். ஒருவர் எந்த வீட்டுப் பிள்ளை என்பதும், அவரை எந்த ஊரில் தேடுவது என்பதும், அவருக்கு எவ்வளவு கடன் கொடுக்கலாம் என்பதும் இந்த ஒரே சொல்லுக்குள் அடங்கியிருந்தன. நாடு விட்டு நாடு போய்த் தொழில் செய்யும் மக்களின் சமூக அடையாளத்தைப் பற்றி ஆய்வாளர்கள் ஏராளமாக எழுதியிருக்கிறார்கள். நகரத்தாரின் பர்மா அனுபவத்தைப் படிக்கும்போது எனக்கு ஒன்றுதான் மீண்டும் மீண்டும் தோன்றுகிறது. அங்கே அவர்கள் போட்ட முதல்களில் மிகப் பெரியது அவர்களுடைய அடையாளம். போட்ட பணம் பெருகியதும் அந்த அடையாளத்தால்தான், எடுத்து வர முடியாமல் போனதும் அதனால்தான்.

அந்த அடையாளம் காற்றில் நின்றதல்ல; பதிவேட்டில் நின்றது. இளையாற்றங்குடி, மாத்தூர், வைரவன்பட்டி, நேமம், இலுப்பைக்குடி, சூரக்குடி, வேலங்குடி, இரணியூர், பிள்ளையார்பட்டி ஆகிய ஒன்பது நகரக் கோயில்களில் ஒன்றைச் சேராத நகரத்தார் குடும்பம் இல்லை. கல்யாணம் ஆனதும் அந்தத் தம்பதி கோயில் கணக்கில் ஒரு புள்ளி ஆவார்கள். புள்ளிக்கு உண்டான வரியைச் செலுத்த வேண்டும். நகரத்தார் பெண்ணையே மணந்திருக்க வேண்டும். ஒருவர் சமூகத்துக்குள் இருக்கிறாரா வெளியே போய்விட்டாரா என்பதற்கு எழுத்தில் ஆதாரம் இருந்தது என்று பொருள். ஆயிரம் மைலுக்கு அப்பால், நீதிமன்றத்தை நம்ப முடியாத ஓர் ஊரில், ஒருவரிடம் லட்சக்கணக்கில் பணத்தை ஒப்படைக்கும்போது இந்த ஆதாரத்தைவிடப் பெரிய ஜாமீன் கிடையாது. ஏமாற்றியவருக்கு ஊரில் பெண் கிடைக்காது, கோயிலில் மரியாதை கிடைக்காது. அவருடைய விலாசத்தைச் சுமக்கும் பிள்ளைக்கும் பேரனுக்கும் கடை திறக்க வழி இருக்காது.

கடை நடந்த விதத்திலும் இதே தருக்கத்தைக் காணலாம். பத்துப் பன்னிரண்டு வயதில் ஒரு பையன் மனக்கணக்கோடு கப்பலேறுவான். முக்கால், அரை, கால், மாகாணி, முந்திரி என்று பின்னங்களை வாய்ப்பாடாகச் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். பெட்டியடிப் பையனாகச் சேர்ந்து, தண்ணீர் எடுத்து வைப்பதிலிருந்து வசூலுக்குப் போவது வரை பார்த்து, அடுத்தாள் ஆகி, பிறகு ஏஜென்ட் ஆவான். ஏஜென்டுக்குச் சம்பளச் சீட்டு எழுதிக் கொடுப்பார்கள். தவணை பொதுவாக மூன்று ஆண்டு. தவணை முடிந்ததும் கணக்கை ஒப்படைத்துவிட்டு ஊர் திரும்புவான். கொஞ்ச காலம் வீட்டில் இருப்பான், மறுபடியும் கப்பல். பல விலாசங்கள் கிட்டங்கி என்ற ஒரே கட்டடத்தில் பக்கத்துப் பக்கத்தில் பெட்டி போட்டு உட்கார்ந்திருக்கும். ஒருவர் என்ன வட்டிக்கு வாங்கினார், யாருக்குக் கொடுத்தார் என்பது எட்டடி தூரத்தில் இருப்பவருக்குத் தெரியாமல் இராது. இன்று பெரிய நிறுவனங்கள் தணிக்கையாளர்களை வைத்துச் செய்யும் வேலையை அந்த நெருக்கமே செய்தது.

ரங்கூன் மொகல் தெருவில் இருந்த செட்டியார் கோயிலில் மாதம் ஒருமுறை கூடி, தங்களுக்குள் வாங்கிக் கொடுக்கும் பணத்துக்கான நடப்பு வட்டியை முடிவு செய்வார்கள். பர்மாவின் கிராமக் கடன் சந்தையே அந்த எண்ணைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. தண்டாயுதபாணி சந்நிதியில் பணத்தின் விலை குறிக்கப்பட்டதைப் பக்தியும் வியாபாரமும் கலந்த வேடிக்கையாகச் சிலர் எழுதியிருக்கிறார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. பொய் சொல்லக் கூடாத ஓர் இடம் வேண்டும். அந்த மக்களுக்கு அது முருகன் சந்நிதி. வழக்குத் தீர்த்ததும் அங்கேதான், கோயிலுக்கான மகமைப் பணத்தை வசூலித்ததும் அங்கேதான்.

இந்த ஏற்பாட்டில் பெண்கள் இல்லாதது போலத் தோன்றும். அது தவறு. ஆண்கள் தனியே போனார்கள், அவர்களுடைய மனைவியரான ஆச்சிகள் சொந்த ஊர்ப் பகுதியான செட்டிநாட்டில் இருந்தார்கள். மூன்று ஆண்டுக்கு ஒருமுறை வந்து போகும் கணவருக்காக வீட்டை, மாமனார் மாமியாரை, கோயில் கணக்கை, பிள்ளைகளின் படிப்பை நடத்தியவர்கள் அவர்கள். பெண்ணுக்குக் கொடுத்த சீதனப் பணம் தனிக் கணக்கில் வட்டிக்கு நின்றது. ஆச்சிமார் பணமும் கடையின் முதலில் ஒரு பங்கு. பர்மாவிலிருந்து வந்த தேக்கு ஆளுயரத் தூண்களாக எழுந்தது அவர்கள் காத்திருந்த வீடுகளில்தான். காரைக்குடியின் பழம்பொருள் கடைகளில் இன்றும் பர்மா அரக்குப் பெட்டிகள் விலைக்கு வருகின்றன. கல்யாணப் பந்தியில் பர்மாவிலிருந்து வந்த கவுனி அரிசி இனிப்பாகப் பரிமாறப்படுகிறது. பர்மாவின் பொருள் செட்டிநாட்டுக்குள் இவ்வளவு தாராளமாக நுழைந்தது. செட்டிநாட்டுக் குடும்பம் பர்மாவுக்குள் நுழையவில்லை. இந்த ஒருவழிப் பாதை பின்னால் பெரிய விலை கேட்டது.

பர்மாவில் என்ன நடந்தது? 1852 போருக்குப் பிறகு கீழ்ப் பர்மா ஆங்கிலேயர் கைக்கு வந்தது. 1869இல் சூயஸ் கால்வாய் திறந்தது. ஐரோப்பாவுக்கு அரிசி போகும் வழி குறுகியது. ஐராவதி கழிமுகத்தின் காடும் சதுப்பும் நெல்வயலாக மாறத் தொடங்கின. 1850களில் பத்து லட்சம் ஏக்கருக்கும் குறைவாக இருந்த சாகுபடி 1930 வாக்கில் எண்பது லட்சம் ஏக்கரைத் தாண்டியது. உலகில் வேறு எந்த நாடும் அவ்வளவு அரிசியை ஏற்றுமதி செய்யவில்லை. மேல் பர்மாவிலிருந்து இறங்கி வந்த விவசாயிகள் காட்டை வெட்டினார்கள். 1876ஆம் ஆண்டுச் சட்டப்படி பன்னிரண்டு ஆண்டு தொடர்ந்து உழுது வரி கட்டினால் நிலம் சொந்தம். அதை விற்கலாம், அடகு வைக்கலாம். ஆனால் பன்னிரண்டு ஆண்டு என்ன சாப்பிடுவது, மாட்டை எதைக் கொண்டு வாங்குவது? ஐரோப்பிய வங்கிகள் கிராமத்துக்குள் கால் வைக்கவில்லை. அந்த இடைவெளிக்குள் போனவர்கள் நகரத்தார்.

1929-30இல் பர்மா மாகாண வங்கி விசாரணைக் குழு நாடெங்கும் சுற்றிக் கணக்கெடுத்தபோது 1,650 செட்டியார் கடைகள் இருந்தன. அவற்றில் புரண்ட முதல் ஏறக்குறைய 75 கோடி ரூபாய் என்று குழு மதிப்பிட்டது. கீழ்ப் பர்மாவில் மக்கள் அடர்ந்து வாழ்ந்த பகுதிகளில் எந்த விவசாயியும் ஒரு நாள் நடையில் ஒரு செட்டியார் கடையை அடைந்துவிடலாம். கொடுத்த கடனில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு விவசாயத்துக்கு. வட்டி குறைவென்று சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளூர் லேவாதேவிக்காரர்கள் வாங்கியதைவிட, குறிப்பாக நெல்லாகக் கொடுத்து அறுவடையில் நெல்லாகத் திருப்பி வாங்கிய கடன்களைவிட, அது குறைவு என்பதில் ஆய்வாளர்களிடையே பெரிய கருத்து வேறுபாடு இல்லை. பர்மிய லேவாதேவிக்காரர்களே செட்டியாரிடம் வாங்கித்தான் கீழே கொடுத்தார்கள்.

அவ்வளவு பேரிடம் தொழில் செய்தும் செட்டியார் பர்மியரோடு கலக்கவில்லை. பர்மிய மொழி பேசினார், பர்மியச் சட்டம் அறிந்திருந்தார், ஒவ்வொரு குடியானவனின் மாடும் வயலும் அவருக்கு மனப்பாடம். ஆனால் சாப்பாடு வேறு, கோயில் வேறு, கல்யாணம் வேறு. பர்மாவில் நீண்ட காலம் அதிகாரியாக இருந்த ஜே. எஸ். ஃபர்னிவல் இந்த வகைச் சமூகத்தைப் பன்மைச் சமூகம் என்று அழைத்தார். பல இன மக்கள் ஒரே ஊரில் அருகருகே வாழ்கிறார்கள். சந்தையில் மட்டுமே சந்திக்கிறார்கள் என்பது அவர் கண்டது. 1973இல் எட்னா போனாசிச் என்ற சமூகவியலாளர் இடைத்தட்டுச் சிறுபான்மையினர் பற்றி ஒரு கோட்பாட்டை முன்வைத்தார். திரும்பிப் போகும் எண்ணத்தோடு வருபவர்கள், சுலபமாகக் காசாக்கக்கூடிய தொழிலையே தேர்வார்கள். தங்களுக்குள் இறுக்கமாக நிற்பார்கள். அந்த இறுக்கம் உள்ளூர்க்காரரின் பகையைத் தூண்டும், பகை அவர்களை மேலும் இறுக்கும். தென்கிழக்காசியச் சீனரையும் கிழக்காப்பிரிக்க இந்தியரையும் வைத்து விவாதிக்கப்பட்ட கோட்பாடு இது. 1930 வரையான நகரத்தாருக்கு அச்சொட்டாகப் பொருந்துகிறது. 1930க்குப் பிறகு பொருந்தாமல் போவதில்தான் அவர்களுடைய துயரம் இருக்கிறது.

1930ஆம் ஆண்டின் இறுதியில் நெல் விலை சரிந்து ஏறக்குறையப் பாதிக்கு வந்தது. உலகப் பொருளாதார மந்தம் ஐராவதிக் கரையில் வந்து இறங்கிய விதம் அது. அறுவடை செய்த நெல்லை விற்றால் வட்டிக்கே போதவில்லை. இம்பீரியல் வங்கி முதலிய பெரிய வங்கிகள் செட்டியாருக்குக் கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்டன. செட்டியார் விவசாயியைக் கேட்டார். விவசாயியிடம் இருந்தது நிலம் ஒன்றுதான். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில் 1930இல் செட்டியார் கையில் இருந்த நிலம் சுமார் 5,70,000 ஏக்கர், மொத்தத்தில் 6 சதவீதம். 1938இல் அது 24,68,000 ஏக்கர், ஏறக்குறைய 25 சதவீதம்.

எட்டே ஆண்டுகளில் நடந்த மாற்றம் இது. நிலத்துக்கு ஆசைப்பட்டு வந்தவர்கள் அல்ல அவர்கள். வட்டிக்கடைக்காரனுக்குச் சுழலும் பணம்தான் உயிர். வாங்க ஆளில்லாத சேற்று நிலம் முடங்கிய முதல். கணக்குப் புத்தகத்தைக் கொண்டு பார்த்தால் நகரத்தாருக்கும் அது பேரிழப்பு. இதை நகரத்தார் வரலாற்றை எழுதியவர்கள் சரியாகவே வாதிடுகிறார்கள். ஆனால் வாதம் அங்கே முடிந்துவிடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. காட்டை வெட்டி, மலேரியாவில் பிள்ளையை இழந்து, பன்னிரண்டு ஆண்டு உழுத ஒருவன் தன் சொந்த வயலில் குத்தகைக்காரனாக நிற்கும்போது, எதிரில் இருப்பவருக்கும் நஷ்டம்தான் என்ற கணக்கு அவனுக்கு எப்படி ஆறுதல் தரும்? நெல்லை வாங்கிய ஆலைகள் ஸ்டீல் பிரதர்ஸ் போன்ற ஆங்கிலக் கம்பெனிகளுடையவை. ஆற்றில் ஏற்றிப் போன கப்பலும் ஆங்கிலேயருடையது, வரி வாங்கியதும் ஆங்கில அரசு. அவர்களில் ஒருவரையும் அவன் கண்ணால் பார்த்ததில்லை. அவன் பார்த்தவர் செட்டியார். திருநீறு, மடிப்பு வேட்டி, கக்கத்தில் கணக்குப் புத்தகம். ரங்கூனில் ஒன்பது கோயில் பதிவேடாக மதிக்கப்பட்ட அதே தோற்றம் தராவதி மாவட்டத்து வயலில் அந்நியனின் அடையாளமாகியது. 1930 டிசம்பரில் சாயா சான் தலைமையில் விவசாயிகளின் கிளர்ச்சி வெடித்தது அந்த மாவட்டத்தில்தான்.

இந்தியரைக் குறிக்கப் பர்மியர் சொன்ன சொல் 'கலா'. மேற்கிலிருந்து வந்த எவருக்கும் பொதுவாக இருந்த சொல் அது. ஐரோப்பியருக்கே 'வெள்ளைக் கலா' என்றுதான் பெயர். 1930களில் அந்தச் சொல்லுக்குக் கூர் ஏறியது. 1931 கணக்கெடுப்பில் ரங்கூனின் நான்கு லட்சம் மக்களில் பாதிக்கு மேல் இந்தியர். பர்மா முழுவதிலும் பத்து லட்சம். அவர்களில் நகரத்தார் சில ஆயிரம் பேரே. பெரும்பாலோர் மூட்டை தூக்கியவர்கள், கழிவு அள்ளியவர்கள், ரிக்‌ஷா இழுத்தவர்கள், வயலில் கூலிக்கு அறுத்தவர்கள். 1930 மே மாதம் ரங்கூன் துறைமுகத்தில் கலவரம் மூண்டபோது அடிபட்டவர்கள் தெலுங்குத் தொழிலாளர்கள். வட்டிக்கடையின் மீதிருந்த கோபத்துக்கும் கூலி வேலைக்கான போட்டிக்கும் இடையே அந்த ஒற்றைச் சொல் பாலம் போட்டுவிட்டது.

கலந்து வாழ்ந்திருந்தால் தப்பித்திருப்பார்களா என்ற கேள்வியைப் பலர் எழுப்புகிறார்கள். இதற்குப் பக்கத்திலேயே ஒரு விடை இருந்தது. சூலியா என்று அழைக்கப்பட்ட தமிழ் முஸ்லிம் வணிகர்கள் நகரத்தாருக்கு முன்பிருந்தே அந்தக் கரையில் கடை வைத்தவர்கள். இந்திய முஸ்லிம்கள் பலர் பர்மியப் பெண்களை மணந்தார்கள்; பர்மிய மொழியே தாய்மொழியான அவர்களின் பிள்ளைகளை 'ஜெர்பாதி' என்று அழைத்தார்கள். 1938இல் பர்மாவில் மூண்ட கலவரத்தில் முஸ்லிம்களே முதல் இலக்கானார்கள். கலப்பு மணமே அவர்கள் மீதான குற்றச்சாட்டுகளில் ஒன்று. விலகி நின்றவருக்கு விலகி நின்றது குற்றம், கலந்தவருக்குக் கலந்தது குற்றம். குடியேறியவரின் அடையாளத்தை அவர் ஒருவரே எழுதுவதில்லை. ஆளும் அரசு, நிலச் சட்டம், நெல் விலை, எதிரில் நிற்பவரின் பசி என்று பல கைகள் அதில் எழுதுகின்றன. ஆகவே நகரத்தார் ஒதுங்கி நின்றதே எல்லாவற்றுக்கும் காரணம் என்று சொல்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. ஒதுங்கி நின்றதால் பேசவேண்டிய நேரத்தில் அவர்களுக்காகப் பேச ஒரு பர்மியக் குரலும் இல்லாமல் போனது என்பது மட்டும் உண்மை.

பிறகு நடந்தவை வேகமாக நடந்தன. 1937இல் பர்மா இந்தியாவிலிருந்து பிரிக்கப்பட்டது. 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானியக் குண்டுகள் விழுந்தன. மறு ஆண்டு மார்ச்சில் நகரம் வீழ்ந்தது. லட்சக்கணக்கான இந்தியர்கள் அரக்கான் மலை வழியாகவும் எல்லை ஊரான தாமு வழியாகவும் இந்தியாவுக்கு நடந்தார்கள். வழியில் இறந்தவர்களுக்குச் சரியான கணக்கு இல்லை. பணமுள்ளவருக்குக் கப்பலும் விமானமும் கிடைத்தன. இல்லாதவருக்குக் கால்கள். 1948இல் சுதந்திர பர்மா நில தேசியமயச் சட்டத்தைக் கொண்டு வந்தது. அந்த இருபத்து நான்கு லட்சத்துச் சொச்சம் ஏக்கருக்கான பத்திரங்கள் செட்டிநாட்டு இரும்புப் பெட்டிகளில் வெறும் காகிதங்களாகின.

நகரத்தாரில் சிலர் அடையாளத்தை வேறு பாத்திரத்தில் ஊற்றிக்கொள்ள முன்னரே முயன்றிருந்தார்கள். மு. சித. மு. சிதம்பரம் செட்டியார் 1937இல் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி சென்னை, காரைக்குடி, ரங்கூன் மூன்றிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. விலாசம் தெரியாதவரும் பணம் போடலாம், எடுக்கலாம் என்பதே அதன் புதுமை. முருகப்பா குழுமத்தின் தொடக்கம் 1900இல் மோல்மீனில் வைத்த வட்டிக்கடை. யுத்தத்துக்கு முன் இந்தியாவுக்கு மாற்றிய முதல் பின்னர் தொழிற்சாலைகளாக எழுந்தது. இவை பெரிய வீட்டுக் கதைகள். ஏஜென்டாக இருந்தவர்கள், அடுத்தாள்களாக இருந்தவர்கள் தேவகோட்டையிலும் புதுவயலிலும் எந்தப் பெட்டியடியும் இல்லாமல் உட்கார்ந்த ஆண்டுகளைப் பற்றி அவ்வளவாக எழுதப்படவில்லை. எழுதப்பட வேண்டும் என்று நினைக்கிறேன். கோயிலில் அவர்களும் புள்ளிகள்தான்.

ஊரில் வீடு, கோயிலில் பெயர், பேரேட்டில் விலாசம் என்று எதுவும் இல்லாத தமிழர்களுக்கு இரண்டாவது வெளியேற்றம் காத்திருந்தது. 1962இல் ராணுவத் தளபதி நே வின் ஆட்சியைப் பிடித்தார். கடைகள் தேசியமாக்கப்பட்டன. 1964 மே மாதம் ஐம்பது, நூறு கியாட் நோட்டுகள் செல்லாது என்று அறிவிக்கப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளில் சுமார் மூன்று லட்சம் இந்தியர்கள் கப்பலேறினார்கள். அவர்களில் பலர் பர்மாவிலேயே பிறந்தவர்கள். அரசாங்கத் தாளில் அவர்கள் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. தாயகம் என்று சொல்லப்பட்ட ஊரை அவர்கள் அதுவரை பார்த்ததில்லை. சென்னையில் 1969இல் கடற்கரை ரயில் நிலையத்துக்கு எதிரே நடைபாதையில் அவர்களுக்குக் கடைகள் ஒதுக்கப்பட்டன. அந்தச் சந்தைக்குப் பர்மா பஜார் என்ற பெயர் நிலைத்தது. பர்மாவில் 'கலா' என்று விரட்டப்பட்டவர்கள் சென்னையில் 'பர்மாக்காரர்' ஆனார்கள். அந்தப் பெயரை அவர்கள் மறுக்கவில்லை. பலகையில் எழுதி மாட்டினார்கள். பக்கத்துத் தள்ளுவண்டிகளில் அத்தோ என்ற பர்மிய நூடுல்ஸ் விற்றார்கள், கூடவே வாழைத்தண்டு போட்ட சூப்பு. நூறு ஆண்டு கடை நடத்தியும் நகரத்தார் பர்மாவில் எடுத்துக்கொள்ளாத பெயரைத்தான் இவர்கள் பிழைப்புக்குப் பிடித்துக்கொண்டார்கள்.

இன்னும் சிலருக்குச் சென்னையும் ஒட்டவில்லை. திரும்பியோருக்கான முகாமிலிருந்து கிளம்பி, வடகிழக்கே போய், மணிப்பூர் வழியாக நடந்து மீண்டும் பர்மாவுக்குள் நுழையப் பார்த்தார்கள். எல்லைக் காவல் விடவில்லை. மோரே என்ற எல்லை ஊரில் நின்றார்கள். பர்மியமும் தமிழும் தெரிந்ததால் இரு பக்கத்து வியாபாரத்துக்கும் அவர்கள் தேவைப்பட்டார்கள். அங்கே தமிழ்ச் சங்கம் வைத்தார்கள், அங்காள பரமேசுவரிக்குக் கோயில் கட்டினார்கள். கோயிலிலிருந்து எல்லை கூப்பிடு தூரம். அதற்கு அப்பால் தாமு, 1942இல் இந்தியர்கள் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு கடந்து வந்த அதே ஊர்.